கடன் அட்டையும் வீட்டுக் கணக்கும்

குடியானவர் வீட்டிலும் நெசவாளர் வீட்டிலும் பணமுடை என்பது இரண்டு வகைப்படும். ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தாலும் வரவு செலவுக்குப் போதாமல் இருப்பது ஒரு வகை. ஆண்டுக் கணக்கில் வரவு போதுமானதாக இருந்தும், அது வேண்டிய நாளில் கைக்கு வந்து சேராமல் இருப்பது மற்றொரு வகை. முன்னதற்குக் கடன் மருந்தாகாது. கூலி உயர வேண்டும், விளைச்சல் பெருக வேண்டும், விலை கிடைக்க வேண்டும். பின்னதற்குக் கடன் மருந்தாகலாம். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் கைநீட்டிய குடும்பங்களே பெரும்பாலும் கடனில் மூழ்கின என்பது சங்கப் பேரேடுகளைப் புரட்டிப் பார்ப்பவர் அனைவரும் அறிந்த உண்மை.

போடிநாயக்கனூர் வட்டாரத்தின் வரவு நாட்களைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ராசிங்காபுரம் போன்ற அடிவாரத்து ஊர்களில் தென்னை வைத்திருப்பவருக்கு ஏறத்தாழ நாற்பத்தைந்து நாட்களுக்கு ஒருமுறை வெட்டு. வெட்டு முடிந்தால் பணம். மாந்தோப்புக்காரருக்கு ஆண்டில் ஒரு பருவம். போடிமெட்டு ஏறி இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்பில் வேலைக்குச் செல்லுவோர்க்கு வாரக் கூலி. மழை பிடித்துக்கொண்டால் அதுவும் குறையும். ஏலத்தோட்டம் உடையவருக்கு ஆடி மாதத்தை ஒட்டி எடுப்புத் தொடங்கி மாசி வரையில் பல சுற்றுக்கள். ஆனால் எடுப்புக் கூலியும் ஸ்டோரில் காய் உலர்த்தும் செலவும் முன்னால் போகும். ஏல மையத்தில் காய் விற்று அதன் கிரயம் வருவது பின்னால்தான். ஆண்டிபட்டிச் சக்கம்பட்டிப் பக்கத்து நெசவாளருக்கோ பாவு ஓடி முடிந்து துணியை ஒப்படைத்த பின்னரே கூலி.

செலவு நாட்கள் இவற்றைப் பார்த்து வருவதில்லை. வைகாசிக் கடைசியில் பள்ளிக்கூடம் திறக்கும், ஐப்பசியில் தீபாவளி, தையில் பொங்கல், நோயும் இழவும் நாள் பார்த்து வருவதே இல்லை. வரவுக்கும் செலவுக்கும் இடையே உள்ள இந்த நாட்களின் இடைவெளியில்தான் காலங்காலமாக மளிகைக் கடைப் பற்று நோட்டும், அடகுக் கடையும், தண்டல்காரரும், கந்துவட்டிக்காரரும் குடியேறியிருக்கிறார்கள். இப்பொழுது அவ்வரிசையில் புதிதாக வந்து நிற்பது வங்கிகள் தரும் கடன் அட்டை. பட்டணத்துச் சம்பளக்காரருக்கு மட்டுமே உரியதாக இருந்த அது, 2022 முதல் ரூபே கடன் அட்டையை யு.பி.ஐ.யோடு இணைக்கலாம் என்றான பிறகு, சிற்றூர்ப் பெட்டிக்கடையின் சதுரக் குறியீட்டுப் பலகை வரையில் வந்து சேர்ந்துவிட்டது. ஆதலின் அதைப் பற்றிக் கூட்டுறவாளர் ஒரு தெளிந்த முடிவுக்கு வரவேண்டிய காலம் வந்துவிட்டது என்று கருதுகிறோம்.

முன்னோர் வகுத்த இரு வழிகள்

கடனைப் பற்றிக் கூட்டுறவு இயக்கத்தில் தொடக்கம் முதலே இரண்டு மரபுகள் உண்டு. இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 1844-இல் இருபத்தெட்டுப் பேர் சேர்ந்து ஒரு கடை திறந்தார்கள். அவர்களுள் நெசவாளர் பலர். அக்கடையில் கடன் கிடையாது; ரொக்கத்திற்கே சரக்கு. ஏழைகள் நடத்தும் கடையில் ஏழைகளுக்கே கடன் இல்லையா என்று கேட்கத் தோன்றும். ஆனால் கடைக்காரரின் பற்று நோட்டில் ஒருமுறை பெயர் ஏறிவிட்ட குடும்பம், அவர் சொன்ன விலைக்கு அவர் நிறுத்த எடையை வாங்கியே தீரவேண்டும் என்பதை அந்நெசவாளர்கள் நேரில் கண்டவர்கள். ஆதலால் உண்பதற்கும் உடுப்பதற்கும் கடன் வேண்டாம் என்று விதித்துக்கொண்டார்கள்.

ஜெர்மானிய நாட்டில் ரைபைசன் என்னும் பெரியவர் வேறொரு வழி கண்டார். குடியானவருக்கு விதைக்கும் மாட்டுக்கும் கடன் இன்றியமையாதது. அதை மறுத்துப் பயனில்லை. ஆனால் என்ன காரியத்திற்காக என்று கேட்டே கொடுக்க வேண்டும். அதன் பலன் கைக்கு வரும் நாளைப் பார்த்தே கெடு வைக்க வேண்டும். வாங்குவோனை அறிந்த அண்டை வீட்டாரே அதற்குப் பொறுப்பாக நிற்க வேண்டும் என்றார். சென்னை மாகாணத்தில் பிரடெரிக் நிக்கல்சன் இவ்வழியையே ஆராய்ந்து பரிந்துரைத்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டே திரூரில் முதல் விவசாயக் கடன் சங்கமும், சென்னைத் திருவல்லிக்கேணியில் நுகர்வோர் சங்கமும் தோன்றின. ஒன்று ரைபைசன் வழி. மற்றொன்று ராச்டேல் வழி.

இன்றைய கடன் அட்டையை இவ்விரண்டு உரைகல்லிலும் உரைத்துப் பார்த்தால் அதன் இயல்பு விளங்கும். அது நுகர்வுக்குக் கடன் தருகிறது. ஆகவே ராச்டேல் விதி அதனைத் தள்ளும். அது காரியம் என்னவென்று கேட்பதில்லை. அண்டை வீட்டார் எவரும் அறிவதில்லை. மனைவிக்குத் தெரியாமல் கணவனும், பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளையும் ஆயிரக்கணக்கில் கடன்படலாம். ஆகவே ரைபைசன் விதியும் அதனைத் தள்ளும். அங்ஙனமாயின் அட்டையையே விலக்கிவிடலாமே என்று அன்பர் சிலர் கூறுகின்றனர். அவர்கள் கூற்றில் நியாயம் உண்டு. எனினும் நாம் அத்துணைத் தூரம் செல்லவில்லை. விலக்கச் சொல்லிவிட்டால் மட்டும் இடைவெளி நாட்கள் மறைந்துவிடப் போவதில்லை; அட்டை இல்லாத வீட்டில் அந்த இடத்தைக் கந்துவட்டி பிடித்துக்கொள்ளும். 2003-இல் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்த பின்னரும் அத்தொழில் அழிந்துவிடவில்லை என்பது எவருக்கும் தெரியும். ஆகவே வெளியிலிருந்து வந்த காவல் இல்லாத இக்கருவிக்கு, வீட்டுக்குள்ளேயே காவல் ஏற்படுத்த முடியுமா என்பதுதான் கேள்வி.

அட்டை தருவது பணமன்று, நாட்கள்

கடன் அட்டை வருமானத்தைக் கூட்டுவதில்லை. அது தருவது சில நாட்களின் தவணை மட்டுமே. ஓர் அட்டையின் கணக்கு முடிவு ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி என்றும், செலுத்தும் கெடு 25-ஆம் தேதி என்றும் வைத்துக்கொள்வோம். ஜூன் 6-ஆம் தேதி வாங்கிய சரக்கு ஜூலை 5-ஆம் தேதிக் கணக்கில் ஏறும். ஜூலை 25 வரை தவணை. நாற்பத்தொன்பது நாட்கள் வட்டியில்லை. அதே சரக்கை ஜூன் 4-ஆம் தேதி வாங்கியிருந்தால் ஜூன் 25-ஆம் தேதியே கெடு. இருபத்தோரு நாட்களே தவணை. இரண்டு நாள் முன்பின்னாக வாங்கியதில் நான்கு வாரத் தவணை மாறிவிடுகிறது. கணக்கு முடிவு நாளைத் தெரிந்துகொள்ளாமல் அட்டையை வைத்திருப்பவர், பஞ்சாங்கம் பாராமல் விதைப்பவரை ஒப்பர்.

இதனை நம் ஊர் வரவோடு பொருத்திப் பார்ப்போம். தென்னை வைத்திருக்கும் ஒரு குடும்பத்திற்கு மே 20-ஆம் தேதி வெட்டு முடிந்தது. அடுத்த வெட்டு ஜூலை முதல் வாரத்தில். இடையே ஜூன் 8-ஆம் தேதி பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு 9,000 ரூபாய் வேண்டும். இதனை அட்டையில் செலுத்தினால் கெடு ஜூலை 25. ஜூலை முதல் வாரத்து வெட்டுப் பணம் வந்த அன்றே 9,000 ரூபாயை எடுத்து வைத்துக் கெடுவுக்கு முன் முழுவதையும் கட்டிவிட்டால் வட்டி ஒரு காசும் இல்லை. இதே தொகையை நூற்றுக்கு மூன்று வட்டிக்கு ஒன்றரை மாதம் வாங்கியிருந்தால் 405 ரூபாய் வட்டி. அந்த 405 ரூபாய் வீட்டில் தங்கியது. அடகுக் கடைப் படியும் ஏறவில்லை. இதுவே அட்டையின் நேர்மையான பயன். இதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பது தவறு.

இதே குடும்பம் மாசி மாதத்தில் வரப்போகும் பணத்தை எண்ணி ஆவணியில் அட்டையைத் தேய்த்தால் என்ன ஆகும்? அட்டையின் தவணை ஐம்பது நாட்களைத் தாண்டாது. வரவோ ஐந்து மாதம் தள்ளி நிற்கிறது. ஐம்பது நாள் பாலத்தைக் கொண்டு ஐந்து மாத ஆற்றைக் கடக்க இயலாது. ஆகவே செலவு செய்யுமுன் கேட்க வேண்டிய கேள்வி, 'வரம்பு எவ்வளவு பாக்கி இருக்கிறது?' என்பதன்று, 'இதைக் கட்டப்போகும் பணம் எது, அது எந்தத் தேதியில் வரும்?' என்பதே. தேதி தெரியாவிட்டால் அட்டை வெளியே வரலாகாது.

தேதி தெரிந்தால் மட்டும் போதாது. தொகையும் ஏறக்குறைய நிச்சயமாக இருக்க வேண்டும். ஏலக்காய்க்கு 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோவுக்கு 7,000 ரூபாய் வரையில் கிடைத்தது. 2022-இல் ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கிற்று. காய் அதே காய். தோட்டம் அதே தோட்டம். உயர்ந்த விலையை நம்பிச் செலவைப் பெருக்கிக்கொண்டவர்கள் பட்ட பாடு போடியில் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வரப்போகும் விலையை நம்பிக் கடன்படுவது சூதுக்குச் சமானம். விற்று முடிந்த சரக்கின் கிரயமும், செய்து முடித்த வேலையின் கூலியுமே அட்டைச் செலவுக்கு ஆதாரமாகத் தக்கவை.

நான்கு வட்டிக்கு மேல்

இனி அட்டையின் மறுபக்கத்தைப் பார்ப்போம். கணக்குத் தாளில் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று, மொத்தப் பாக்கி. மற்றொன்று, 'குறைந்தபட்சம் செலுத்த வேண்டியது'. பெரும்பாலும் பாக்கியில் நூற்றுக்கு ஐந்து அளவில் இருக்கும் இந்த இரண்டாவது தொகையைக் கட்டினால் போதும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அபராதத்திற்கு அது போதும், வட்டிக்குப் போதாது.

நம் ஊரில் வட்டியை மாதக் கணக்கில் சொல்வது வழக்கம். 'மூன்று வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய்; 'ஐந்து வட்டி' என்றால் கந்துவட்டி என்று அனைவரும் முகம் சுளிப்பர். அழகிய உறையில் வரும் கடன் அட்டையின் வட்டி பல வங்கிகளில் மாதம் மூன்றரை அளவில் இருக்கிறது. அவ்வட்டியின்மேல் பதினெட்டு விழுக்காடு சரக்கு சேவை வரி உண்டு. இரண்டையும் சேர்த்தால் நூற்றுக்கு மாதம் நான்கு ரூபாய் பதின்மூன்று காசு. அதாவது, நம் ஊர் மொழியில் 'நான்கு வட்டிக்கு மேல்'. ஆண்டுக்குக் கிட்டத்தட்ட ஐம்பது விழுக்காடு. வாசலில் வந்து நின்று சத்தம் போடாமையால் மட்டும் அது குறைந்த வட்டியாகிவிடாது.

கணக்காகவே பார்த்துவிடுவோம். ஒருவர் 20,000 ரூபாய்க்குச் சரக்கு வாங்கிக் கெடு நாளில் 1,000 ரூபாய் மட்டும் கட்டினார். பாக்கி 19,000. இனி அட்டையில் ஒன்றுமே வாங்காமல், மாதந்தோறும் நூற்றுக்கு ஐந்து வீதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் தவறாமல் கட்டி வருகிறார். முதல் மாத வட்டியும் வரியும் 785 ரூபாய். அவர் கட்டியது ஏறத்தாழ 990 ரூபாய். அசலில் கழிந்தது 205 ரூபாய். இவ்வாறே பன்னிரண்டு மாதங்கள் ஓடினால் அவர் கையை விட்டுப் போனது சுமார் 11,200 ரூபாய். அசலோ 19,000-இலிருந்து 16,700 அளவுக்கே இறங்கியிருக்கும். ஓராண்டு முழுதும் நாணயமாகக் கட்டியவருக்குக் கழிந்த அசல் 2,300 ரூபாய். நாணயம் தவறாதவரையே நசுக்கும் கடன் இது என்பதை ஒவ்வொரு அங்கத்தினரும் ஒருமுறை தாமே பென்சிலும் காகிதமும் கொண்டு போட்டுப் பார்க்க வேண்டும்.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. மொத்தப் பாக்கியையும் கட்டாதவர்க்கு, புதிதாக வாங்கும் சரக்குக்கும் வட்டியில்லாத் தவணை கிடைப்பதில்லை. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பழைய பாக்கி இருக்க, அதே அட்டையில் அரிசி வாங்கினால் அரிசியும் வட்டிக்கு வாங்கியதாகும்.

அட்டையைக் கொண்டு இயந்திரத்தில் ரொக்கம் எடுப்பதும் அப்படியே. அதற்கு ஒரு நாள்கூடத் தவணை இல்லை. எடுத்த தொகைமேல் இரண்டரை விழுக்காடு அளவில் கட்டணம். சிறு தொகையானாலும் சில நூறு ரூபாய் குறையாது. அன்று முதலே வட்டி. இதனை அறிந்த சிலர் கடைகளில் பொய்ச் சரக்கு வாங்கியதாக அட்டையைத் தேய்த்துக் கமிஷன் போக ரொக்கம் பெற்றுக்கொள்கின்றனர். ஓர் அட்டையின் பாக்கியை அடைக்க மற்றொரு அட்டையைத் தேய்ப்பாரும் உளர். இது கிணறு வெட்டிய மண்ணை மூட மற்றொரு கிணறு வெட்டுவது போன்றது. விதிக்கும் மாறானது, முடிவில் நகையோ நிலமோ கைமாறுவதற்கே வழிசெய்வது.

வீட்டுக்குள் வைக்க வேண்டிய காவல்

அட்டை வைத்திருக்க விரும்பும் அங்கத்தினர்க்கு நாம் கூறுவன இவை.

ஒரு வீட்டுக்கு ஓர் அட்டை போதும். வரம்பு எவ்வளவு பெரிதாக வங்கி கொடுத்தாலும், வீட்டின் ஒரு மாத நிச்சய வரவில் பாதிக்கு மேல் போகாதபடி தாமே ஒரு வரம்பு வைத்துக்கொள்ள வேண்டும். அதனை வங்கியிடம் சொல்லிக் குறைத்தும் கொள்ளலாம். வருமானச் சான்று இல்லாதவர்களுக்கு நிலையான வைப்பை ஈடாகக்கொண்டு பல வங்கிகள் அட்டை தருகின்றன. முதன்முதலில் அட்டை வாங்குவோர்க்கு அதுவே நல்லது. சேமிப்பு முன்னே, கடன் பின்னே என்ற கூட்டுறவு ஒழுங்குக்கும் அது ஒத்தது. ஆண்டுக் கட்டணம் இல்லாத அட்டையையே கேட்டு வாங்க வேண்டும்.

கணக்கு முடிவு நாளை நம் வரவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள ரிசர்வ் வங்கியின் விதிகள் ஒருமுறையேனும் வாய்ப்பளிக்கின்றன. மாதம் முதல் வாரத்தில் கூலி வாங்குவோர் அதை ஒட்டியே கெடு அமையுமாறு கேட்டுக்கொள்ளலாம். கெடு நாளையும், சங்கக் கடனின் கெடு நாளையும், நகைக் கடன் கெடு நாளையும் சுவரில் தொங்கும் ஒரே நாள்காட்டியில் குறித்து வைக்க வேண்டும். வீட்டுக்காரியும் வீட்டுக்காரரும் மாதத்தில் ஒருநாள் அக்கணக்குத் தாளைச் சேர்ந்து படிக்க வேண்டும். ரைபைசன் காலத்தில் அண்டை வீட்டார் செய்த காவலை இப்பொழுது கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நால்வர்தாம் செய்தாக வேண்டும். ஒளித்து வைத்த கணக்கில் ஒழுங்கு நிற்பதில்லை.

யு.பி.ஐ.யில் அட்டையை இணைத்திருப்போர்க்கு ஒரு தனி எச்சரிக்கை. சேமிப்புக் கணக்கிலிருந்து போவதும் கடனிலிருந்து போவதும் ஒரே கைபேசியில், ஒரே அசைவில் நடக்கின்றன. தேநீருக்கும் வெற்றிலைக்கும் கடன்பட்டதை மாத முடிவில்தான் மனிதர் உணர்கிறார். ஆகவே சில்லறைச் செலவுகளுக்குச் சேமிப்புக் கணக்கே முன்னிற்கும்படி வைத்துக்கொள்வதே நலம். அட்டையால் செலவு செய்த அன்றே அத்தொகையை நோட்டில் 'கொடுக்க வேண்டியது' என்று எழுதிவிட வேண்டும்.

பரிசுப் புள்ளிகளைக் கண்டு மயங்கலாகாது. 9,000 ரூபாய்ச் செலவுக்கு நூற்றுக்கு ஒன்று வீதம் கிடைத்தாலும் 90 ரூபாய். அதே தொகை ஒரு மாதம் பாக்கி நின்றால் வட்டியும் வரியும் 370 ரூபாய்க்கு மேல். 'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரத்திலும் கட்டணம், அதன்மேல் வரி என்று ஏதேனும் ஒளிந்திருக்கிறதா என்று கேட்டே கையெழுத்திட வேண்டும்.

தம் அட்டையைப் பிறர்க்கு இரவல் கொடுத்தல் கூடாது. சங்கத்தில் ஜாமீன் நிற்பவருக்காவது கடன் வாங்கியவர் இன்னார் என்று பதிவு உண்டு. இரவல் அட்டையில் வாங்கியவர் பெயரே இல்லை. கடனாளி அட்டைக்காரர் ஒருவரே. பின்னர் நமக்கு வேண்டிய கடனைக் கேட்கப் போகும்பொழுது கடன் தகவல் நிறுவனத்தின் ஏட்டில் நம் பெயருக்கு எதிரே குற்றம் எழுதியிருக்கும்.

கேளாமல் எந்த வங்கியும் அட்டை அனுப்பலாகாது. பாக்கி இல்லாத அட்டையை முடித்துவிடக் கேட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் முடிக்க வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் வங்கியே நமக்குக் கொடுக்க வேண்டும். இவை 2022-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி கட்டளைகளில் உள்ளவை. தொலைபேசியில் வரும் ஓ.டி.பி. எண்ணை எவர் கேட்டாலும் சொல்லலாகாது. மோசடி நடந்துவிட்டால் உடனே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். வங்கிக்கு எழுதி முப்பது நாட்களில் நியாயம் கிடைக்காவிடில் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

நம்மிடமே உள்ள அட்டை

இவ்வளவும் கூறிய பின்னர், மிக முக்கியமான ஒன்று எஞ்சி நிற்கிறது. நான்கு வட்டி அட்டையைத் தேடிப் போகும் குடியானவர் பலரிடம், அதற்கு முன்பே வேறொரு நல்ல அட்டை இருக்கிறது. அதுதான் உழவர் கடன் அட்டை. 1998-இல் ஆர்.வி. குப்தா குழுவின் பரிந்துரைப்படி நபார்டு வங்கி வகுத்த திட்டம் இது. பயிருக்கு வேண்டிய தொகையை ஒரு வரம்பாக வைத்து, வேண்டியபொழுது எடுத்து, வந்தபொழுது கட்டும் முறை. கெடு மாதக் கணக்கில் வருவதன்று. அறுவடையையும் விற்பனையையும் ஒட்டி அமைவது. ரைபைசன் சொன்னதும் இதுவே.

2012-இல் இத்திட்டம் திருத்தி அமைக்கப்பட்டபொழுது ஓர் அருமையான விதி சேர்க்கப்பட்டது. பயிர்ச் செலவுக்கான தொகையோடு, அதில் பத்து விழுக்காட்டை அறுவடைக்குப் பிந்திய செலவுக்கும் வீட்டுச் செலவுக்குமாகச் சேர்த்து வரம்பு கட்டலாம் என்பதே அது. பயிர்ச் செலவு ஒரு லட்சமானால் பதினாயிரம் ரூபாய் இதற்கு. மேலே கண்ட பள்ளிச் செலவு 9,000 ரூபாய் அதில் அடங்கிவிடும்! இவ்விதி எத்தனை அங்கத்தினர்க்குத் தெரியும்? வரம்பு நிர்ணயிக்கும் நாளில் எத்தனை இடங்களில் இதனை எடுத்துச் சொல்கிறார்கள்? தெரிந்திருந்தால் நான்கு வட்டி அட்டைக்கு இத்தனை கைகள் நீளுமா என்பதை நம் சங்கத்தார் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வட்டியிலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை. மத்திய அரசின் வட்டி மானியத்தால் மூன்று லட்சம் வரையிலான குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு ஆண்டுக்கு ஏழு விழுக்காடு. கெடுவில் கட்டுவோர்க்கு மூன்று விழுக்காடு கழிவு போக நான்கு. இவ்வேற்பாடு 2025-26-ஆம் ஆண்டுக்கும் நீட்டிக்கப்பட்டது. தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களிலோ, கெடு தவறாமல் திருப்பிச் செலுத்தும் பயிர்க்கடனுக்கு அந்த நான்கையும் மாநில அரசே ஏற்க, குடியானவருக்கு வட்டியே இல்லை. ஓரிடத்தில் ஆண்டுக்கு ஒன்றுமில்லை. மற்றோரிடத்தில் ஆண்டுக்கு ஐம்பது. வீட்டு அட்டையில் உரம் வாங்குபவரும், அட்டைப் பாக்கியை அடைக்கச் சங்கக் கடனைக் கெடு தவற விடுபவரும் எதை இழக்கிறார்கள் என்பதை இவ்விரண்டு எண்களே கூறும். பயிர்ச் செலவை வீட்டு அட்டையில் ஏற்றலாகாது. சங்கக் கெடுவை எதன் பொருட்டும் தவற விடலாகாது.

நெசவாளர்க்கும் வழியில்லாமல் இல்லை. 2021-22 முதல் 2025-26 வரைக்குமான தேசியக் கைத்தறி வளர்ச்சித் திட்டத்தில் ஆறு விழுக்காட்டு வட்டியில் முத்ரா கடனும், தனி நெசவாளர்க்கு 25,000 ரூபாய் வரையில் விளிம்புத் தொகை உதவியும் இடம்பெற்றன. நூலுக்கும் தறிக்கும் ஆன தொழிற்கடன் அத்தகைய இடங்களிலேயே பெறத்தக்கது. கூலியில் ரூபாய்க்கு எட்டுக் காசு வீதம் நெசவாளர் சேமிக்க, அரசும் தன் பங்கைச் சேர்க்கும் சேமிப்பு, பாதுகாப்புத் திட்டம் கூட்டுறவு நெசவாளர்க்கு உண்டு. எட்டுக் காசு சிறியதுதான். ஆனால் இடைவெளி நாட்களுக்கு அட்டையைவிடச் சிறந்த மருந்து சேமிப்பே. அதற்குக் கெடுவும் இல்லை, வட்டியும் இல்லை.

சங்கங்களுக்கும் ஒரு சொல். 1954-இல் வெளிவந்த அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வு, கிராமத்தார் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது நூற்றுக்கு மூன்று ரூபாய்ச் சொச்சம் என்றும், லேவாதேவிக்காரர் கொடுத்தது எழுபது ரூபாய் அளவென்றும் காட்டியது. வட்டி மிகுதி என்று அறிந்தும் மக்கள் ஏன் அவரிடம் சென்றார்கள்? கேட்ட அன்றே அவர் கொடுத்தார், கேள்வியின்றிக் கொடுத்தார். இன்று கடன் அட்டையும் அதே காரணத்தால்தான் வெல்லுகிறது. 9,000 ரூபாய்ச் சிறு கடனுக்கு ஓர் அங்கத்தினரைப் பலமுறை நடக்க வைத்துவிட்டு, அவர் அட்டையைத் தேய்த்துவிட்டார் என்று அவரைக் குறை கூறுவதில் பயனில்லை. உழவர் கடன் அட்டையின் வீட்டுச் செலவுப் பகுதியை அங்கத்தினர் ஒவ்வொருவர்க்கும் எடுத்துச் சொல்வதும், கெடு வருமுன் நினைவூட்டுவதும், வேண்டியவர்க்கு வங்கிக் கணக்குத் தாளைப் படித்து விளக்குவதும் சங்கச் செயலாளரின் கடமைகளுள் சேர வேண்டும் என்பது எமது திடமான அபிப்பிராயம். இதற்குப் புதுச் சட்டம் வேண்டுவதில்லை. புது நிதியும் வேண்டுவதில்லை. மாதத்தில் ஒரு பிற்பகல் போதும்.

அங்கத்தினர்கள் செய்யத்தக்கதும் எளிதே. சில நாள் இடைவெளிக்கு, தேதி தெரிந்த வரவு இருந்தால், அட்டை. முழுவதும் கட்டினால் மட்டும். சில மாத இடைவெளிக்குச் சங்கம். ஆண்டுக் கணக்கான பற்றாக்குறைக்கு எந்தக் கடனும் அன்று. அங்கே செலவைக் குறைப்பதும் வரவைப் பெருக்குவதும் தவிர வேறு வழியில்லை. இம்மூன்றில் தம் வீடு எதில் நிற்கிறது என்பதை வரும் மாத முதல் நாளன்று ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதிப் பார்ப்பாராக.